குறிஞ்சா வேலியிலேயே இருக்கட்டும்

மீள்குடியேறிய குடும்பங்களுக்கு இழப்பு விபரப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையில் நாம் பல நாட்கள் இருந்திருக்கிறோம். தென்னைக்கு ஒரு நிரல், மாவுக்கும் பலாவுக்கும் ஒரு நிரல், கிணற்றுக்கு ஒன்று, மாடுகளுக்கு ஒன்று. அப்படியொரு நாளில் மூதூர் கிழக்கைச் சேர்ந்த வயதான தாயொருவர், "சுவாமி, என்ர வேலியை எங்க எழுதிறது?" என்று கேட்டார். கம்பி வேலியா என்று கேட்டோம். "கம்பியில்லை. பூவரசு நட்ட வேலி. அதில குறிஞ்சா படர்ந்து நிண்டது. கறிக்கு ஒண்டும் இல்லாத நாளில அதுதானே கறி" என்றார். எழுத இடமிருக்கவில்லை. 'ஏனையவை' என்ற கடைசிக் கட்டத்துக்குள் 'உயிர்வேலி' என்று எழுதினோம். அதற்கு எவரும் ஒரு சதமும் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இக்கட்டுரை அந்த வேலியைப் பற்றியது. அதில் எமது தவறு ஒன்றும் இருப்பதால் அதனை முதலில் சொல்லிவிடுகிறோம். 2006இல் சம்பூர்ப் பகுதியை விட்டு ஓடிய மக்கள் வாகரை, மட்டக்களப்பு, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று அலைந்து, 2015இலும் 2016இலுமே தமது காணிகளில் மீண்டும் கால்வைத்தார்கள். வளவுகள் பத்து வருடக் காடாகிக் கிடந்தன. காட்டை வெட்ட இயந்திரம் வந்தது. எல்லையோரம் முழுவதையும் வழித்துத் துடைத்துவிட்டு, கொங்கிரீற் தூண்களையும் முட்கம்பியையும் நாமும் கொண்டுவந்து கொடுத்தோம். துப்புரவாகத்தான் இருந்தது. படம் பிடித்து அறிக்கையிலும் போட்டோம். அந்தக் காட்டுக்குள் தலைமுறை கண்ட பூவரசும், கிளுவையும், அவற்றின்மேல் குறிஞ்சாவும், முசுட்டையும், கொவ்வையும் இருந்தன என்பதை எம்மில் எவரும் இறங்கிப் பார்க்கவில்லை. ஊரைவிட்டு எல்லோரும் போனபின்னும் போகாமல் நின்றவற்றை, ஊர் திரும்பிய வாரத்தில் நாமே பிடுங்கிவிட்டோம்.

இப்போது ஏன் இதனைக் கிளறுகிறோம் என்றால், குறிஞ்சாவுக்குப் புதிதாக ஒரு மதிப்பு வந்திருக்கிறது. அண்மையில் எமது நிலையத்துக்கு ஒருவர் வந்தார். சர்க்கரை நோய்க்கு மருந்துத்தூள் செய்ய இலை வேண்டும், குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் மேட்டு நிலத்தில் குறிஞ்சா மட்டும் நட்டால் முழுவதையும் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்கு, வாங்காவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்குச் சிரித்தாரேயொழியப் பதில் சொல்லவில்லை. வந்தவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவர் போனபின் இரண்டு குடும்பங்கள் எம்மிடம் வந்து, கச்சானும் பயறும் போடுகிற நிலத்தை அதற்கு விடலாமா என்று கேட்டன. எமது பதிலைப் பகிரங்கமாகவே சொல்கிறோம். குறிஞ்சாவை நடுங்கள், நிறைய நடுங்கள். ஆனால் வேலியில் நடுங்கள். கச்சான் நிலத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஏன் என்று விளக்குமுன் செடியைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். குறிஞ்சா என்ற பெயரில் இரண்டு கொடிகள் உண்டு. இரண்டும் எருக்கலையின் இனம், இரண்டும் பாற்கொடிகள். நன்னாரியும் வேலிப்பருத்தியும் இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

நாம் வறைக்கு ஆய்வது பெரிய குறிஞ்சா. கொடிப்பாலை என்றும் பெருங்குறிஞ்சான் என்றும் சொல்வார்கள். சிங்கள மக்களுக்கு இது அங்குண, கிரி அங்குண. கிரி என்றால் பால்தானே. உள்ளங்கை அளவுக்கு விரிந்த, அடி அகன்று நுனி கூரிய இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். பூ பச்சை நிறம். இலைக்கக்கத்திலிருந்து கொத்தாகத் தொங்கும். பச்சைக்குள் பச்சையாக இருப்பதால் பலர் கண்ணில் படுவதேயில்லை. காய்கள் இரட்டையாக இரு பக்கமும் விரிந்து நிற்கும், முற்றினால் வெடித்துப் பட்டுப்போன்ற பஞ்சுடன் விதைகள் பறக்கும். அடித்தண்டு முதிர்ந்தால் மரம்போல் தடிக்கும், பெரிய மரத்தின் உச்சிவரை ஏறும். இதன் தாவரவியற் பெயர் டிரேஜியா வொலுபிலிஸ். முன்பு வட்டக்காகா என்ற பெயர் இருந்தது. கொச்சியிலிருந்த ஒல்லாந்தத் தளபதி வான் றீட், மலையாள வைத்தியர்களைக் கேட்டு எழுதுவித்து 1678 முதல் 1693 வரை அம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் இக்கொடி அதன் மலையாளப் பெயருடன் இருக்கிறது. அந்தப் பெயரே பிறகு இலத்தீனாகிவிட்டது.

மற்றது சிறுகுறிஞ்சா. ஜிம்னீமா சில்வெஸ்ட்ரே. இலை சிறியது, இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு மேல் போகாது, மென்மையான மயிர் இருக்கும். பூ மிகச் சிறியது, மஞ்சள். மருந்து வியாபாரிகள் தேடுவது இதைத்தான். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு, அதனைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். நன்கு தெரிந்தவர் ஒருவர் அடையாளம் காட்டிய சிறுகுறிஞ்சா இலை ஒன்றிரண்டை மென்று துப்பிவிட்டு, நாக்கில் சீனி வைத்துப் பாருங்கள். சீனி மணலாகிவிடும். அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலம்வரை இனிப்பே தெரியாது. பெரிய குறிஞ்சாவுக்கு இந்தக் குணம் இல்லை. 1847இல் எட்ஜ்வர்த் என்ற ஆங்கிலேயர் இந்த வேடிக்கையை இலண்டன் லின்னேயன் சங்கத்துக்கு அறிவித்தார். உதகமண்டலத்தில் கொயினா ஆய்வு செய்துகொண்டிருந்த டேவிட் ஹூப்பர், 1887இல் இலையிலிருந்து அதற்குக் காரணமான பொருளைப் பிரித்து ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார். எமது வைத்தியர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே நீரிழிவுக்கு இந்த இலையைக் கொடுத்துவந்தார்கள் என்பதும் உண்மைதான்.

நீரிழிவு விடயத்தில் நேராகப் பேசவேண்டியிருக்கிறது. 1990இல் சென்னை ஆய்வாளர்கள் சிறுகுறிஞ்சாவின் சாற்றை நீரிழிவு நோயாளர் 22 பேருக்கு, நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம், ஒன்றரை வருடத்துக்கு மேல் அவர்களுடைய வழமையான குளிசைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. ஐவர் குளிசையை நிறுத்தக்கூடியதாக இருந்தது. நல்ல செய்தி. ஆனால் 22 பேர் என்பது ஒரு சிறிய கிராமத்தின் ஒரு ஒழுங்கை. அவர்களுக்குக் கொடுத்தது அளந்து பிரித்த சாறு, சட்டியில் வதக்கிய இலையல்ல. அவர்களை வைத்தியர்கள் கண்காணித்துக்கொண்டும் இருந்தார்கள். மிச்சம் பதினேழு பேர் குளிசையைத் தொடர்ந்தார்கள் என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை. ஆகவே கிளினிக்கில் தந்த குளிசையை நிறுத்திவிட்டுக் குறிஞ்சாத்தூளில் நம்பிக்கை வைப்பது ஆபத்து. இரண்டையும் அறியாமல் சேர்த்து எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம், அதுவும் ஆபத்து. தூள் குடிக்க விரும்புகிறவர் கிளினிக் வைத்தியரிடம் அதைச் சொல்லிவிட்டே குடிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பெரிய குறிஞ்சா வறை சாப்பிடுவது வேறு விடயம். அது சாப்பாடு.

இனி அந்த ஏக்கர் விடயம். ஒரு பாற்கொடிக்காக விவசாயிகளின் நிலம் போன கதை உலகில் நடந்திருக்கிறது. அதனைச் சொல்ல எமது துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம். 1942இன் தொடக்கத்தில் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினார்கள். உலகத்து இறப்பரில் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போயிற்று. நேச நாடுகளுக்கு மிஞ்சியிருந்த முக்கியமான இறப்பர் நாடு இலங்கை. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. எமது ஊர்ப் பெரியவர்கள் இதனைக் கதைகதையாகச் சொல்வார்கள். இறப்பருக்காகத் தவித்த அமெரிக்கா மரம் வளரும்வரை காத்திருக்க முடியாமல், மடகஸ்கார்த் தீவைச் சேர்ந்த ஒரு பாற்கொடியின் பாலிலிருந்து இறப்பர் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டது. இடம், கரீபியன் கடலிலுள்ள ஹெயிட்டி. 1941இல் அந்நாட்டு அரசும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த விவசாய அபிவிருத்தி நிறுவனம் ஒன்று அந்த வேலையை எடுத்தது. அபிவிருத்தி என்ற சொல்லைக் கவனியுங்கள். பல்லாயிரம் ஏக்கர் நிலம் சிறு விவசாயிகளிடமிருந்து எடுக்கப்பட்டது. வீடுகள் அகற்றப்பட்டன, பழமரங்கள் வெட்டப்பட்டன, சோறு தந்த நிலமெல்லாம் கொடி நடப்பட்டது. கொடி நினைத்தபடி பால் தரவில்லை. கிடைத்த இறப்பர் மிகச் சொற்பம். 1944இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். விவசாயிக்கு மரம் போன நிலந்தான் மிஞ்சியது. அதே கொடி அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் களையாகப் பரவி, ஆற்றங்கரை மரங்களை மூடிக் கொல்கிறது.

சம்பூர் மக்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. அவர்கள் இல்லாத காலத்தில் அவர்களுடைய மண்ணில் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். 2011இல் இந்திய அனல்மின் கழகத்துடன் கூட்டு நிறுவனமும் அமைந்தது. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பெரிய திட்டங்கள் தம்மை விலக்கிக்கொள்ளும்போது ஒரு கடிதம் எழுதினால் போதும். எமக்கு அப்படியல்ல, மா மரம் காய்க்க எத்தனை வருடம் என்று எமக்குத் தெரியும். குறிஞ்சாத்தூள்காரரை ஹெயிட்டி நிறுவனத்தோடு ஒப்பிடுவது அதிகம் என்று சிலர் சொல்லக்கூடும். அளவில் அதிகந்தான். ஆனால் ஒரேயொரு பயிர், ஒரேயொரு வாங்குபவர், எழுதாத விலை என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற குடும்பத்தை மறுபடியும் நிறுத்த எமக்கு மனமில்லை.

வேலியில் நட்டால் அந்தப் பயம் கிடையாது. வேலி எப்படியும் வேண்டும். அது எந்தப் பயிரின் இடத்தையும் எடுப்பதில்லை. வாங்குபவர் வந்தால் இலையைக் கொடுக்கலாம், வராவிட்டால் சட்டிக்குள் போடலாம். பிடி பிடியாகக் கட்டிச் சந்தைக்கும் கொண்டுபோகலாம். யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் கீரைக்காரர்களின் கடகங்களில் இது இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காசு பெரும்பாலும் பெண்களின் கைக்கே வரும், அது பிள்ளைகளின் கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் போகும். எமக்கு இது சிறிய விடயமாகத் தெரியவில்லை.

நடும் முறைக்கு வருவோம். விதையாலும் தண்டாலும் வளர்க்கலாம். காய் வெடித்தால் விதை காற்றோடு போய்விடும். ஆகவே காய் முற்றிப் பழுப்பேறத் தொடங்கும்போதே ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பஞ்சை உருவிவிட்டுப் புதிதாகவே விதைக்க வேண்டும், டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு வைத்தால் முளைப்பது குறையும். தண்டு என்றால் இளசுமில்லாத முற்றலுமில்லாத, பென்சில் தடிப்புள்ள துண்டு, மூன்று நான்கு கணு இருக்கட்டும். கீழிலைகளைக் களைந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். மணல், மேல்மண், உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து, கீழே ஓட்டையிட்ட பொலித்தீன் பையில் நிரப்பினால் போதும். கிடுகு நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள், ஆனால் சேறாக்கிவிடாதீர்கள். ஒரு மாதமளவில் வேர் பிடிக்கும். எல்லாத் துண்டும் பிடிக்காது. பத்து வேண்டுமானால் இருபது வையுங்கள்.

எமது மாவட்டத்துக்கு வடகீழ்ப் பருவ மழைதான் மழை. ஐப்பசியில் மழை தொடங்கியதும் வேலியடிக்கு மாற்றுங்கள், மார்கழிவரை நீங்கள் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. ஒன்றரை அடிக் குழியில் எருவும் சருகும் போட்டு, ஐந்தாறு அடிக்கு ஒன்றாக வையுங்கள். வயலோரக் களிமண்ணில் தண்ணீர் நிற்கும், அங்கே வரம்பின் மேலே நடுங்கள். முதல் கோடையில் மட்டும் வாரத்துக்கு ஓரிரு தடவை தண்ணீர் தேவை. அதன்பின் அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். பத்து வருடம் ஆளில்லாத காணியில் நின்ற செடியல்லவா.

எந்த மரத்தில் ஏற்றுவது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். முருங்கையில் ஏற்றாதீர்கள், பாரத்துக்கு முறியும். சின்னக் கன்றுகளில் ஏற்றினால் மூடிக் கொன்றுவிடும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, தடித்த சீமைக்கிளுவை நல்லவை. ஏற்கெனவே கொங்கிரீற் தூணும் கம்பியும் உள்ளவர்கள் அதைப் பிடுங்க வேண்டாம். தூணுக்குத் தூண் இடையில் ஒரு பூவரசுக் கதியாலை நட்டுவிடுங்கள், கம்பி துருப்பிடித்து விழும் காலத்தில் வேலி தானே நிற்கும். கொடியை ஆளுயரத்துக்கு மேல் போகவிடாமல் நுனியை ஒடித்துக்கொண்டிருங்கள். ஒடிக்க ஒடிக்கப் பக்கத்தளிர் வரும், அந்தத் தளிர்தான் கறி. ஒரே நாளில் மொட்டையடிக்கக் கூடாது. கட்டாக்காலி மாடுகள் எட்டும் உயரத்துக்கு முதல் வருடம் முள்ளுக்கொப்பு கட்டவேண்டும்.

இலையில் மஞ்சள் நிற அசுகுணி மொய்த்தால் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிடுங்கள், அல்லது நுனியோடு ஒடித்து எறியுங்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புழுக்கள் சில வந்து இலையைத் தின்னும். அவற்றுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அவை நீலப்புலி என்ற வண்ணத்துப்பூச்சியின் குழந்தைகள். அது முட்டையிடும் செடிகளில் குறிஞ்சாவும் ஒன்று. நாலைந்து இலை போகும், போகட்டும். வயலுக்குக் களைகொல்லி அடித்த நாட்களில் மட்டும் வயலோர வேலியில் இலை ஆயாதீர்கள். காற்றில் வந்து படிந்திருக்கும்.

சமையலை எமது வாசகர்களுக்கு நாம் கற்பிப்பது வேடிக்கைதான். இருந்தாலும் முகாமில் வளர்ந்த பல பிள்ளைகளுக்கு இது தெரியாது என்பதைக் கண்டிருக்கிறோம். தளிரையும் இளம் இலையையும் கழுவி, புகையிலைபோல் சுருட்டி மெல்லியதாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், உப்புச் சேர்த்துச் சிறிது நேரம் வதக்கி, தேங்காய்ப்பூவைப் போட்டுப் பிரட்டி இறக்கி, ஆறத் தொடங்கியதும் தேசிக்காய் விடவேண்டும். கைப்புப் பிடிக்காத பிள்ளைகளுக்கு மாசித்தூளோ நெத்தலியோ சேர்க்கலாம். முசுட்டை, முல்லை, தவசிமுருங்கை இலைகளோடு சேர்த்து இலைக்கஞ்சிக்கும் போடுவார்கள். கட்டிகளுக்கு இலையை அரைத்துப் பற்றுப் போடுவது பழைய வழக்கம். வேரை மட்டும் எதற்கும் உள்ளே கொடுக்க வேண்டாம். அது வாந்தியை உண்டாக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. காட்டோரத்தில் பாற்கொடி எல்லாவற்றையும் குறிஞ்சா என்று பறித்துவிடக் கூடாது. ஹெயிட்டிக் கதையில் வந்த இறப்பர்க்கொடி எமது நாட்டின் உலர் வலயத்திலும் சில இடங்களில் பரவியிருக்கிறது. இலை தடித்து மினுமினுக்கும். பூ பெரியது, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மணி வடிவம். ஒடித்தால் பால் வடிந்து கொட்டும். அது இருதயத்தைத் தாக்கும் நஞ்சு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் கூட நஞ்சு. குறிஞ்சாவின் பூ பச்சை, சிறுகுறிஞ்சாவின் பூ சிறிய மஞ்சள். சந்தேகமிருந்தால் பூக்கும்வரை காத்திருங்கள், அல்லது ஊரிலுள்ள வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் சொன்ன அந்தத் தாயின் காணியில் இயந்திரம் எட்டாத ஒரு மூலை இருந்தது. பழைய கிணற்றுக் கட்டோடு ஒரு பூவரசும் அதன்மேல் ஒரு குறிஞ்சாவும் தப்பியிருக்கின்றன. எமது நிலையத்து நாற்று மேடையிலுள்ள கன்றுகள் அதிலிருந்து வெட்டிய தண்டுகளே. வேண்டிய குடும்பங்கள் ஐப்பசி மழைக்கு முன் வந்து பெற்றுக்கொள்ளலாம். காசு வேண்டாம். உங்கள் வளவில் முற்றிய காய் எதுவும் இருந்தால் துணியில் கட்டி எடுத்துவாருங்கள், சிறுகுறிஞ்சா விதை எம்மிடம் போதாமலிருக்கிறது.